கரண்ட் பில்லில் கவனிக்காமல் விடுகிற 500

மின்கட்டணம் ஏறியது என்று செய்தி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, யூனிட்டுக்கு எத்தனை பைசா கூடியது என்றுதான். தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் பில்லை அதைவிடப் பெரிதாக மாற்றுவது வேறொன்று: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினோமா, இல்லையா? இதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

2022 செப்டம்பர் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.50 போடுவார்கள்; 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் விலைகள் மறுபடி ஏறியபோதும் இந்த 500 கோடு அங்கேயேதான் இருந்தது. நடுத்தரக் குடும்பங்கள் வெயில் காலத்தில் தடுக்கி விழுவது இங்கேதான்.

ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை மீட்டர் பக்கமே போகாமல் இருப்பது அடுத்த தவறு. 500ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு யூனிட் சொச்சம். பழைய 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் அன்றைய பங்கு அதிலேயே தீர்ந்தது. போன ரீடிங் பில்லில் இருக்கிறது. வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாற்பதாம் நாளில் 330ஐத் தாண்டியிருந்தால், மிச்ச நாளில் கையை இறுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் ஓடிய ஏசிக்கான பில் பல வீடுகளில் ஜூனில், ஸ்கூல் ஃபீஸோடு சேர்ந்து வரும். மாதா மாதம் பாதிப் பணத்தை எடுத்து வைக்காவிட்டால் கடன்தான்.

சிலிண்டர் விலை ஏறியதும் யோசிக்காமல் இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தாவுகிறவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி, சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ஆனது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்யத் தோராயமாக 120 யூனிட் பிடிக்கும். 300 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு அது லாபம். ஏற்கெனவே 500ஐத் தாண்டிய வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 960 ஆகிறதே!

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சப் மீட்டரை, அதாவது வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்திருக்கும் மீட்டரை, கவனிக்க வேண்டும். அவர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கினால் இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்கு 1,600. உங்கள் வீட்டுக்கென்று மின்வாரியத்தின் தனி இணைப்பு (தனி சர்வீஸ்) இருந்தால் 2022 கட்டணத்தில் அது வெறும் 225 ரூபாய். வாடகை 500 ரூபாய் குறைவு என்று அந்த வீட்டைப் பிடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, தனி சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.