புதுப்பிக்கத்தக்கது என்றால் தீராதது அல்ல

சுற்றுச்சூழல் பாட விடைத்தாள்களைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் வரி: "புதுப்பிக்கத்தக்க வளம் என்பது என்றும் தீராத வளம்." நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். வெயிலுக்கும் காற்றுக்கும் இது பொருந்தும். இன்று எத்தனை சூரியத் தகடுகளை விரித்தாலும் நாளைய வெயில் குறையப்போவதில்லை. மீன், காடு, மண், நிலத்தடி நீர் எல்லாம் அப்படியல்ல. அவை தாமாக மீண்டு வரும், ஆனால் அதற்கென்று ஒரு வேகம் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏரியில் 1000 மீன்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் பெருகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 பிடித்தால் ஏரி அப்படியே இருக்கும். 250 பிடித்தால்? முதல் ஆண்டு முடிவில் 950. யாருக்கும் வித்தியாசமே தெரியாது. அடுத்த ஆண்டு 890, அப்புறம் 818. மீன் குறையக் குறைய அது ஈனும் குஞ்சும் குறைகிறது, பிடிப்பது மட்டும் குறைவதில்லை. எட்டாம் ஆண்டு முடிவில் 176 மிஞ்சும். ஒன்பதாம் ஆண்டு 250 பிடிக்க மீனே இருக்காது. கூடுதலாக எடுத்தது வெறும் 50தான்.

கடலிலும் இது நடந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் பல நூற்றாண்டுகளாகப் பிடித்துவந்த காட் மீன் வளம் சரிந்து, 1992-ல் அரசு தடை போட்டது. இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அறிவித்தார்கள். அது முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீண்டது.

தண்ணீர் விஷயத்தில் தவறு வேறு வேடத்தில் வருகிறது. "நீர் சுழன்றுகொண்டே இருக்கிறது, பிறகு எப்படித் தீரும்?" என்பார்கள். பூமியின் மொத்த நீர் குறையாது, சரி. ஆனால் அதில் 97 சதவீதத்துக்கு மேல் உப்புநீர். மிச்சமுள்ள நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. நிலத்தடி நீர் என்ற ஒரே பெயருக்குள்ளும் இரண்டு வகை ஒளிந்திருக்கிறது. மழை பெய்ததும் ஊறும் ஆழமில்லாத கிணற்று நீர் ஒன்று. சகாரா பாலைவனத்துக்கு அடியில், அந்த நிலம் ஈரமாக இருந்த காலத்தில் இறங்கிய நீர் இன்னொன்று. பல ஆயிரம் ஆண்டுப் பழசு. இன்று பெய்யும் மழை அதற்குப் போய்ச் சேருவது அபூர்வம். அதை இறைப்பது நிலக்கரி வெட்டுவது போலத்தான், எடுத்தால் எடுத்ததுதான்.

அடுத்து, ஓசோன். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் அதிகமாக நுழைவதால்தான் பூமி சூடாகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு கதை. ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதை அரித்தவை பழைய குளிர்சாதனங்களில் இருந்த குளோரோபுளோரோ கார்பன்கள். 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவற்றின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது, படலமும் மெல்ல மீண்டுவருகிறது. பூமி சூடாவது முக்கியமாக கார்பன் டை ஆக்சைடாலும் மீத்தேனாலும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை இவை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கின்றன. குளோரோபுளோரோ கார்பனும் வெப்பத்தைப் பிடிக்கும் என்பதால் இந்தக் குழப்பத்தை ஓரளவு மன்னிக்கலாம்.

இப்படி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமைக்குடில் விளைவையே கெட்டது என்று எழுதுவதை மன்னிப்பது கடினம். அது மட்டும் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். அளவுக்கு மீறி அது கூடுவதுதான் சிக்கல். அதேபோல் இந்த வாரக் குளிரைக் காட்டி வெப்பமயமாதலை மறுக்கவும் முடியாது. வானிலை என்பது அன்றாடச் செய்தி, காலநிலைக்குக் குறைந்தது 30 ஆண்டுச் சராசரி வேண்டும்.

கடைசியாக, "அமேசான் காடு உலகின் நுரையீரல்." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முதிர்ந்த காடு வெளிவிடும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட முழுவதையும் அந்தக் காட்டின் மரங்களும், விழுந்த இலைகளை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சுவாசித்தே தீர்த்துவிடுகின்றன. காட்டை அழித்தால் நாளைக்கே யாருக்கும் மூச்சு முட்டாது. மரத்திலும் மண்ணிலும் அது பூட்டிவைத்திருக்கும் கார்பன் காற்றில் கலக்கும், இலைகள் வழியே மேலே போய் மழையாகத் திரும்பிய ஈரம் குறையும்.