தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக ஆயத்தமாவது எப்படி?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். கல்லூரியில் அவர் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என ஏதேனும் ஒன்றையே முதன்மைப் பாடமாகப் படித்திருப்பார். வகுப்பறையிலோ நான்கையும் அவரே நடத்தியாக வேண்டும். ஆயத்தம் முழுவதும் இந்த இடைவெளியை நிரப்புவதாகவே அமைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படியாக, பி.எஸ்சி. படிக்கும்போதே ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் பாடநூல்களை வாங்கி, உங்களுக்குப் பழக்கமில்லாத பாடங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். விலங்கியல் படித்தவர் ஒளியியலிலும் மின்னோட்டவியலிலும் உள்ள கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். படித்துப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது.

அடுத்தது பி.எட். பொதுப் பிரிவினர் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். 2015 முதல் இது இரண்டாண்டுப் படிப்பு. இதில் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தும் கற்பித்தல் பயிற்சிதான் உயிர்நாடி. அங்கே செய்துகாட்டப்போகும் ஒவ்வொரு சோதனையையும் முதல் நாளே உங்கள் கையால் செய்து பாருங்கள்.

ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிப்படுவதைக் காட்டும் சோதனையை எடுத்துக்கொள்வோம். முகவையிலுள்ள நீரில் ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரத்தை வைத்துப் புனலால் மூடி, நீர் நிரம்பிய சோதனைக் குழாயைப் புனலின் காம்பின் மேல் கவிழ்க்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே காற்றுக் குமிழி தங்கிவிட்டால் சேரும் வாயு ஆக்சிஜன்தானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பயிற்சியின்போது நான் இதை நிழலான மேசையில் வைத்துவிட்டதால் பாடவேளை முடியும்வரை ஒரு குமிழிகூட எழவில்லை. மறுநாள் நல்ல வெயிலில் வைத்து, நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்த பிறகு, தண்டின் வெட்டு முனையிலிருந்து குமிழிகள் மணி கோத்ததுபோல் எழுந்தன. கனலும் குச்சி குழாயினுள் பற்றிக்கொண்டதைப் பார்த்த பிள்ளைகள், சோடா எதற்கு என்று தாமாகவே கேட்டார்கள். கார்பன் டை ஆக்சைடைப் பற்றி விளக்குவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 மதிப்பெண். அதில் 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து வருவதால் தாவரவியல் பட்டதாரியும் கணிதம் படித்தாக வேண்டும். தேர்ச்சிச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் அதுவே பணி நியமனம் ஆகிவிடாது.

கடைசிப் படி, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. 2023-இல் வெளியான அறிவிப்பின்படி, முதன்மைப் பாடத்தில் 150 வினாக்களோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 50-க்கு 20 மதிப்பெண் எடுக்க வேண்டும். எனவே பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் அறிவியல் புத்தகங்களோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.