வலுவிழந்த கூஸ் வாத்துக் குஞ்சா? தீனிக்கு முன் தொப்புளைப் பாருங்கள்

முட்டையிலிருந்து வெளிவந்த கூஸ் குஞ்சு தலை தூக்காமல் கிடந்தால் பலரும் முதலில் தீனியைத் தேடுகிறார்கள். தீனிக்கு அவசரமில்லை. வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும் மஞ்சள் கரு முதல் நாள் முழுவதும் அதற்குப் போதும். உடனே வேண்டியவை சூடும் சுத்தமும்.

சிங்கப்பூர் வெயிலை நம்பாதீர்கள். பகலில் 31, 32 டிகிரி இருந்தாலும் இரவில் 25க்கு இறங்கிவிடுகிறது. முதல் வாரம் குஞ்சு படுக்கும் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி தேவை. பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குங்கள். ஒதுங்க இடம் வேண்டும். வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றிதான் என் தேர்வு. சிவப்பு பல்பு இரவெல்லாம் கண்ணை உறுத்தும்.

செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி இரு பக்கமும் விரிந்துவிடும். தேக்கா சந்தையில் கிடைக்கும் சொரசொரப்பான பருத்தித் துண்டு நல்லது. நனைந்தால் உடனே மாற்றுங்கள். நம் ஈரப்பதத்தில் வைக்கோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் குஞ்சு மூச்சுக்குத் திணறும்.

இனி தொப்புள். என்னை நெடுநேரம் திகைக்க வைத்த இடம் இதுதான். அடிவயிற்றில் கறுத்த நூல் போன்ற ஒன்று காய்ந்து தொங்கும். இழுக்கத் தோன்றும், இழுக்கவே கூடாது. பிய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் கருவுக்குக் கிருமி புக வழி திறந்துவிடும். கையைக் கழுவி, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்தபின் பெட்டியில் விடுங்கள். தொப்புள் மூடி உலர்ந்திருந்தால் நல்லது. வீங்கி, நீலம் பாய்ந்து, ஈரமாக, நாற்றம் அடித்தால் தொற்றுதான். அன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

உடல் சூடேறியதும் தண்ணீர். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சீனி. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது தானாக விழுங்கட்டும். ஊசிக்குழாயால் வாய்க்குள் பீய்ச்சினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து நிற்கத் தொடங்கியதும் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு நீர் வையுங்கள்.

பிறகு மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீனியை நனைத்துக் கொடுக்கலாம். கூஸுக்கு நியாசின் (வைட்டமின் பி3) அதிகம் தேவை. அது நிறைந்த பிரூவர்ஸ் ஈஸ்ட் தூளைச் சிறிது தூவுங்கள், இல்லையேல் கால் வளையும்.

பின்சேர்க்கை: தொப்புளில் மஞ்சள் தூள் பூசலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். தூள் ஈரத்தில் கட்டிக்கொண்டு அழுக்கைப் பிடித்து வைக்கும், வீக்கமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இன்னொரு வாசகரின் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம். வாத்துக் குஞ்சு பார்க்க நலமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்குத் துண்டைச் சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள்.