பினாங்குல இருந்துக்கிட்டே பேங்க் பி.ஓ. பரீட்சைக்கு ரெடியாகுறது எப்படி

இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற, இங்க பினாங்குல அப்பா அம்மாகூட இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. பி.ஓ.ன்னா பேங்க்ல ஆரம்ப நிலை அதிகாரி வேலை, ஐபிபிஎஸ்ங்கிறது அரசு பேங்க்குகளுக்கு ஆள் எடுக்க பரீட்சை நடத்துற அமைப்பு. ஐபிபிஎஸ் பி.ஓ.வுக்கு வயசு 20ல இருந்து 30க்குள்ள, எந்த டிகிரியா இருந்தாலும் ஓகே, ஆனா பரீட்சை சென்டர் இந்தியாவுலதான், அதனால டிக்கெட் காசை இப்பவே ஒதுக்கி வச்சிடுங்க.

முதல் கட்ட பரீட்சையான பிரிலிம்ஸ்ல 100 கேள்வி, 60 நிமிஷம், இங்கிலீஷ் கணக்கு ரீசனிங் ஒவ்வொண்ணுக்கும் 20 நிமிஷம், ஒண்ணுல மிச்சமாகுற நேரம் இன்னொண்ணுக்குப் போகாது, இதுலதான் நிறைய பேர் கவுந்துடுறாங்க. 640ல 37.5 சதவீதம்னு வந்தா பேனாவையே எடுக்காதீங்க, 37.5ன்னா எட்டுல மூணு, 640ஐ எட்டால வகுத்தா 80, மூணு மடங்கு 240, முடிஞ்சது. இந்த மாதிரி பின்னத்தையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்தேன், தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் கண்ணுல படும். தப்பு விடைக்கு அந்தக் கேள்வியோட மார்க்குல கால் பங்கு போயிடும், குருட்டாம்போக்குல டிக் அடிக்காதீங்க ப்ளீஸ்.

ஆன்லைன்ல நடக்கிற லைவ் மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, இந்தியாவுல ராத்திரி 8 மணின்னா நமக்கு 10.30, மத்தியானம் கொஞ்சம் தூங்கிடுங்க. ரெண்டாம் கட்டமான மெயின்ஸ்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணி எழுதுற பகுதியும் இருக்கு, போன் பத்தாது, கீபோர்டுல பழகுங்க.

அப்புறம் இன்டர்வியூ. நீங்க பினாங்குன்னு தெரிஞ்சா அதைப் பத்தி கேக்கலாம், ஐஓபி, அதாவது இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், 1937ல காரைக்குடி, சென்னை, ரங்கூன்ல ஆரம்பிச்சு அடுத்து நம்ம பினாங்குக்குத்தான் வந்துச்சு, 1969ல நாட்டுடைமையான 14 பேங்க்ல அதுவும் ஒண்ணு. இதை நிதானமா, சந்தோஷமா சொல்லுங்க, நம்ம ஊர் கதைதானே.