தீன் என்றால் அத்திப்பழமா, களிமண்ணா? பிள்ளைகளுக்கு அரபுச் சொல் விளையாட்டு செய்யும் முறை

எங்கள் மக்தபில், அதாவது குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் பள்ளியில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ‘வத்தீனி வஸ்ஸைத்தூனி’ என்று குர்ஆனின் 95ஆம் சூராவை (அத்தியாயத்தை) தடங்கலில்லாமல் ஓதுவார்கள். “தீன்னா என்னம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “மார்க்கம், உஸ்தாத்” என்றாள் ஒரு பிள்ளை. அங்கே வருவது அத்திப்பழம். அன்றிரவே பவர்பாயிண்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில் பத்துச் சொல் போதும். படமாகக் காட்ட முடிகிற சூரியன், நிலா, கதவு, ஒட்டகம் போன்றவையாக எடுங்கள். ஸ்லைடுக்கு ஒரு சொல், நான்கு படம். சொல்லுக்குரிய படத்தைப் பிள்ளை தொட வேண்டும், அதுதான் விளையாட்டு. சொல்லை அரபு எழுத்தில், ஹரகத்தோடு (உயிரொலிக் குறிகளோடு), பெரிதாக எழுதுங்கள்.

நான் தவறியது அடுத்த படியில். உதவியாக இருக்குமென்று ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ் எழுத்திலும் உச்சரிப்பை எழுதிவைத்தேன். பிள்ளைகள் அரபைப் பார்க்கவே இல்லை, தமிழைத்தான் படித்தார்கள். அத்திப்பழம், களிமண், மார்க்கம் மூன்றுமே தமிழில் ‘தீன்’தான், அரபியில் மூன்றுக்கும் முதலெழுத்து வேறு. ‘கல்ப்’ இன்னும் மோசம். ஒரு ‘க’வில் இதயம், இன்னொரு ‘க’வில் நாய். தமிழ் வரியை முழுதாக நீக்கிவிட்டுக் குரலைச் சேருங்கள்: இன்சர்ட், ஆடியோ, ரெக்கார்ட் ஆடியோ. பிளேபேக்கில் ‘ஆட்டோமேட்டிக்கலி’ என்று வையுங்கள். மக்ரஜ் (எழுத்தை அதற்குரிய இடத்திலிருந்து ஒலிப்பது) திருத்தமாக உள்ள ஒருவரைச் சொல்லவைத்துப் பதிவது நல்லது. அத்திப்பழப் படத்தையும் களிமண் படத்தையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் காது கூர்மையாகும்.

இனி இணைப்பு. சரியான படத்துக்கு இன்சர்ட், லிங்க், ‘பிளேஸ் இன் திஸ் டாக்குமென்ட்’ போய் அடுத்த ஸ்லைடைக் கொடுங்கள். மற்ற மூன்றையும் ‘மறுபடி கேளு’ என்ற தனி ஸ்லைடுக்கு அனுப்புங்கள். அதில் ஒரு பட்டன் வைத்து, இன்சர்ட், ஆக்‌ஷனில் ‘லாஸ்ட் ஸ்லைடு வியூட்’ கொடுத்தால் விட்ட இடத்துக்கே திரும்பும், குரலும் மறுபடி ஒலிக்கும்.

கஹூட் என்ற வினாடி வினாச் செயலியைப் பயன்படுத்தலாமே என்பார்கள். அதில் சீக்கிரம் தொட்டால் மதிப்பெண் கூடும். நிதானமாகக் கேட்கிற பிள்ளை பின்தங்கிவிடும். இந்த வயதுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. விளையாட்டுகளை உருவாக்கித் தரும் வேர்ட்வால் தளம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இணையம் வேண்டும். அதிலும் எழுத்தைக் கலைத்துப்போட்டு அடுக்கும் விளையாட்டைத் தள்ளிவையுங்கள். அரபு எழுத்து சொல்லின் முதல், நடு, கடைசி என்று இடத்துக்கேற்ப உருமாறும். தனித்தனிக் கட்டமாகப் பிரிந்தால், சேர்த்து ஓதிப் பழகிய பிள்ளைக்குத் தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாது.

பின்சேர்க்கை: படத்தைத் தொடாமல் வெற்றிடத்தில் கிளிக் செய்தும், அம்புக்குறியைத் தட்டியும் பிள்ளைகள் தாவிவிடுகிறார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஸ்லைடு ஷோ, ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வில் ‘பிரவுஸ்டு அட் எ கியோஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இணைப்பு வைத்த படமும் பட்டனும் மட்டுமே வேலை செய்யும். வெளியே வர எஸ்கேப்.