காலியா பறந்துச்சுன்னு கைதட்டாதீங்க: ஆர்சி கார்கோ பிளேன்ல நம்ம பசங்க பண்ற தப்புங்க

காலேஜ் தேர்ட் இயர்ல நாங்க செஞ்ச ஆர்சி கார்கோ பிளேன், அதாவது ரிமோட்ல ஓட்டுற, லோடு தூக்குற போட்டி பிளேன், ஈசிஆர் பக்கம் ஒரு காலி கிரவுண்ட்ல மொத தடவையே சூப்பரா பறந்துச்சு, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டாச்சு, மறுநாள் உள்ள வெயிட்ட வெச்சு விட்டோம் பாருங்க, தரைய விட்டு கிளம்புனதும் மூக்க தூக்கி அப்படியே ஒரு பக்கம் சாஞ்சு விழுந்து சுள்ளி சுள்ளியா போச்சு. அதுவரைக்கும் லோடுன்னா கடைசியில உள்ள ஏத்துற மூட்டைன்னுதான் நெனச்சிட்டு இருந்தோம். கார்கோ பிளேனுக்கு லோடுதாங்க பிளேனே.

கணக்கு போட்டு பாருங்க. காலி பிளேன் 2 கிலோ, லோடு 2 கிலோன்னு வெச்சுக்கோங்க. மொத்த வெயிட் டபுள் ஆனா ஸ்டால் ஸ்பீட் (இதுக்கு கீழ போனா விங்கால தூக்க முடியாது, பிளேன் விழும்) 1.4 மடங்கு ஆகும், அதாவது காலியா செகண்டுக்கு 9 மீட்டர்ல ஸ்டால் ஆன பிளேன் இப்ப கிட்டத்தட்ட 13 கேக்கும். ரன்வே இன்னும் மோசம், அதே மோட்டார்ல டேக் ஆஃப் தூரம் சுமாரா நாலு மடங்கு ஆயிடும். காலியா 10 மீட்டர்ல எழும்புச்சுன்னு குதிக்கறவங்க இத யோசிக்கறதே இல்ல.

எங்க பிளேன கொன்னது சிஜி, அதாவது மொத்த வெயிட்டும் பேலன்ஸ் ஆகுற புள்ளி தான். விங்கோட முன் விளிம்புல இருந்து பின் விளிம்பு வரைக்கும் உள்ள அகலம், அதான் கார்ட், 25 சென்டிமீட்டர். சிஜி முன்னாடி விளிம்புல இருந்து கார்டுல 28 சதவீதத்துல இருந்துச்சு, நல்ல எடம்தான். 2 கிலோ இரும்பு பிளேட்ட சிஜிக்கு 6 சென்டிமீட்டர் பின்னாடி வெச்சோம், ஏன்னா அங்கதான் எடம் இருந்துச்சு (சிரிக்காதீங்க). மொத்த சிஜி 3 சென்டிமீட்டர் பின்னாடி போச்சு, 28 போய் 40 ஆச்சு, டெயில் ஹெவி பிளேன எந்த பைலட்டும் காப்பாத்த முடியாது. அதனால மொதல்ல லோடு பாக்ஸ சிஜிக்கு நேர் மேல வரையுங்க, அப்புறம் அத சுத்தி பாடிய வரையுங்க. பிளேட்ட போல்ட் போட்டு இறுக்குங்க, டேப் எல்லாம் வேணாம், டேக் ஆஃப்ல பிளேன் முன்னாடி பாயும்போது லோடு பின்னாடி நகரும், பிளேன் விழ அது ஒண்ணு போதும். டெஸ்ட்டும் கால்வாசி லோடு, அரை, முக்கால்னு ஏத்திக்கிட்டே போகணும், ஒவ்வொரு தடவையும் விங்குக்கு அடியில ரெண்டு விரல குடுத்து தூக்கி பேலன்ஸ் பாத்துட்டுதான் விடணும்.

அடுத்து ஏர்ஃபாயில், அதான் விங்கோட குறுக்கு வெட்டு வடிவம். எந்த டீம கேட்டாலும் எஸ்1223ங்கற வடிவம் தான், லிஃப்ட் அள்ளி குடுக்கும்ல. ஆனா அது மூக்க கீழ அமுக்குற வேலையையும் பலமா பண்ணும், அத சமாளிக்க டெயில் பெருசா வேணும், டெயில் பெருசானா வெயிட்டும் டிராகும் (காத்து பின்னாடி இழுக்குறது) ஏறும். அதோட பின் விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசு, நம்ம கையால பால்சா கட்டையில வெட்டும்போது தடியாவோ கோணலாவோ ஆயிடும், அப்புறம் எக்ஸ்எஃப்எல்ஆர்5 சாஃப்ட்வேர்ல பாத்த லிஃப்ட் எங்கடான்னு தேடணும். கையில ஒழுங்கா வெட்ட முடியற ஏர்ஃபாயில்தான் நல்ல ஏர்ஃபாயில், இது என் கட்சி.

மோட்டார் விஷயத்துல ஸ்டாண்டுல தராசு வெச்சு 2.5 கிலோ த்ரஸ்ட் (ப்ரொப்பெல்லர் தள்ளுற விசை) வருதுன்னு அப்படியே கணக்குல போட்டுடறாங்க. அது பிளேன் நிக்கும்போது வர்ற நம்பர், ஓட ஆரம்பிச்சதும் கொறஞ்சுகிட்டே வரும், பேட்டரி பாதி காலியானா இன்னும் கொறையும். கார்கோவுக்கு பெரிய டயாமீட்டர், கம்மி பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறுற தூரம்) உள்ள ப்ரொப்பெல்லர் தான் தோது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மலிவா கெடச்ச ஈஎஸ்சிய (மோட்டார் ஸ்பீட கட்டுப்படுத்துற போர்டு) வாங்கி, அதுக்குள்ளயே இருக்கற பிஇசியில (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் குடுக்குற பகுதி) ஆறு சர்வோவ, அதான் இறக்கை மடிப்பு, டெயில் எல்லாம் அசைக்கிற குட்டி மோட்டார, மாட்டறது இன்னொரு கொடுமை. லோடோட திரும்பும்போது எல்லா சர்வோவும் ஒண்ணா கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் எறங்கும், ரிசீவர் ஒரு செகண்ட் செத்து பொழைக்கும், அந்த ஒரு செகண்டே ஜாஸ்தி. தனி யூபிஇசி, அதாவது ஈஎஸ்சிய நம்பாத தனி பிஇசி, போட்டுடுங்க. அப்புறம் தெர்மாகோல் மேல ஃபெவிக்விக் ஊத்தாதீங்க, அரிச்சு ஓட்டை போட்டுடும்.

ரூல் புக்க லீடர் மட்டும் படிச்சா போதாது. எஸ்ஏஇங்கற இன்ஜினியர்கள் சங்கம் அமெரிக்காவுல 1986ல இருந்து நடத்துற ஏரோ டிசைன் போட்டியில, ரெகுலர் கிளாஸ்ங்கற பிரிவுல பாடியில கார்பன் ஃபைபர் கூடாது, இந்த மாதிரி ஒரு வரி கண்ணுல படாம கார்பன் ட்யூப் வாங்கினா காசு போச்சு. நீங்க போற போட்டியோட இந்த வருஷ ரூல நாலு பேரு தனித்தனியா படிங்க.

கடைசியா நம்ம ஊரு காத்து. புக்ல காத்தோட டென்சிட்டி 1.225ன்னு இருக்கும், அது 15 டிகிரிக்கு. சென்னையில 35 டிகிரி வெயில்ல 1.15 கிட்ட வந்துடும், அதாவது 4 கிலோ பிளேனுக்கு அதே ஸ்பீட்ல கால் கிலோ லிஃப்ட் காணாம போயிடும். மதியம் ஆனா கடக்காத்து வேற கெளம்பிடும், ரன்வேக்கு குறுக்க அடிச்சா லோடு பிளேன் தாங்காது. மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் இருக்கறவங்க டிஜிட்டல் ஸ்கை மேப்ப (எங்க ட்ரோன் பறக்க விடலாம்னு காட்டுற அரசாங்க மேப்) பாக்காம எதையும் மேல விடாதீங்க, ஏர்போர்ட்ட சுத்தி ரெட் ஜோன், அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாத எடம். எடம் முடிவானதும் காலையில 6 மணிக்கே கிரவுண்டுக்கு போயிடுங்க, மொதல்ல கால்வாசி லோடோட ஒரு ரவுண்டு, 9 மணிக்கு வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாத்தையும் பேக் பண்ணிட்டு டீக்கடைக்கு வந்துடணும்.