செய்தி சேனலில் சேரும் என் அத்தை மகளுக்குச் சொன்னது

போன மாதம் என் அத்தை மகள் ஒரு ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, பெரிய சேனல். உடனே சரின்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். நானும் 2013-ல் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து சென்னையில் ஒரு பெரிய செய்தி சேனலில் டிக்கர் அடிக்கச் சேர்ந்தவள்தான். திரையின் அடியில் ஓடுகிறதே, அந்த வரிதான் டிக்கர். இப்போது செய்தி அறிக்கையைத் தயாரிக்கும் புல்லட்டின் புரொடியூசராக இருக்கிறேன். அவளிடம் போனில் ஒன்றரை மணி நேரம் பேசியதை, புதிதாகச் சேரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நியூஸ் டெஸ்க்கில் முதல் வாரமே ஒரு கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும்: "யார் சொன்னது?" செய்தியிடம் கேட்கிற அந்தக் கேள்வியை உங்கள் சம்பளம், ஷிப்ட், லீவு என்று எல்லாவற்றிடமும் கேட்டுப் பழகுங்கள். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது?

முதலில் ஆஃபர் லெட்டர். மாதச் சம்பளத் தொகையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். அதற்குக் கீழே உள்ள பக்கங்களையும் படியுங்கள். நீங்கள் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தக் கட்டணத்தில் வேலை செய்யும் ரீடெய்னரா? ரீடெய்னர் என்றால் பெரும்பாலும் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள், பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி இருக்காது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். நான் முதல் இரண்டு வருஷம் இது தெரியாமல் விட்டேன். ஊழியர் என்றால் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவில்லையென்றால் அன்றைக்கே ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். வேலையை விடுவதை எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிற நோட்டீஸ் காலத்தையும் பாருங்கள். நீங்கள் போவதென்றால் மூன்று மாதம், அவர்கள் அனுப்புவதென்றால் ஒரு மாதம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். சேர்வதற்கு முன்னால் கேட்டால் மாற்றவாவது வழி உண்டு.

பத்திரிகைக்காரர்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்று பரிந்துரைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. டி.வி.யில் இருந்த நாங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றோம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் மின்னணு ஊடகத்தினரும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வந்திருக்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. "அப்புறம் தருகிறோம்" என்றால் விடாமல் கேளுங்கள்.

அடுத்தது வேலை. சேர்ந்து நான்காவது மாதம், மாவட்டத்திலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபரான ஸ்ட்ரிங்கர் ஒருவர் "வேலூர் அருகே பஸ் கவிழ்ந்து 3 பேர் பலி" என்று வாட்ஸ்அப் அனுப்பினார். நான் அப்படியே டிக்கரில் போட்டேன். அது நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர். பத்து நிமிஷத்தில் அலுவலகப் போன் அலறியது. பேசியவர்களில் ஒரு அம்மா, வேலூருக்குப் பஸ் ஏறிய தன் மகன் போன் எடுக்கவில்லை என்று அழுதார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஊர்ப் பெயர் வந்தாலும் மாவட்டம் எது, எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று கேட்காமல் போடுவதில்லை. பலி எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாக வந்தால், பெயரும் பதவியும் சொல்லி ஒரு அதிகாரி உறுதிசெய்த எண் எதுவோ அதைத்தான் போடுவேன். அது குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

2016 டிசம்பர் 5 மாலை எங்கள் தலைமுறைக்கு மறக்காது. ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று பல தமிழ் சேனல்களில் செய்தி ஓடியது. எங்கள் திரையிலும் ஓடியது. மருத்துவமனை மறுத்ததும் எல்லோரும் எடுத்தோம். அவர் இறந்தது அன்றிரவு 11.30 மணிக்கு. பக்கத்து சேனலில் வந்துவிட்டது என்பதுதான் அந்த மாலையில் எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம். அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். மேலே இருப்பவர் "போடு, போடு" என்று கத்தினால், "யார் உறுதிசெய்தது என்று சொல்லுங்கள் சார், போட்டுவிடுகிறேன்" என்று அமைதியாகக் கேளுங்கள். அவர் சொல்லிப் போட்டால், எத்தனை மணிக்கு யார் சொன்னார் என்று டெஸ்க் குரூப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மறுநாள் விசாரணை வந்தபோது என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ஸ்ட்ரிங்கர்களை மரியாதையாக நடத்துங்கள். பெரிய சேனலின் பெயர் தாலுகா வரை நிற்கிறது என்றால், மழையில் பைக்கை ஓட்டிப் போய் வீடியோ எடுத்து அனுப்பும் அந்த அண்ணன்களால்தான். பல இடங்களில் அவர்களுக்கு ஒரு செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. செய்தி ஓடியதும் "அண்ணே, ஆன் ஏர் போயிடுச்சு" என்று ஒரு போன் போடுங்கள்.

நைட் ஷிப்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கனமான திரை வாங்குங்கள், பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள், கேப் டிரைவர் நம்பரைச் சேமித்து வையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆசையும் வேண்டாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு நேரலை. டெஸ்க் காலியாக இருக்க முடியாது. அந்த நாட்களுக்கான காம்ப் ஆஃபை, அதாவது விடுமுறையில் வேலை பார்த்ததற்குப் பதிலாகத் தரும் லீவை, அந்த வாரமே மெயிலில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன காம்ப் ஆஃப் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை, எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் ரேட்டிங் வரும் நாள். எண்ணிக்கை இறங்கியிருந்தால் மீட்டிங்கில் குரல்கள் உயரும். செய்தி சேனல்களுக்கான ரேட்டிங்கை 2020 அக்டோபரில் நிறுத்தி 2022 மார்ச்சில்தான் மீண்டும் கொடுத்தார்கள். அந்த ஒன்றரை வருஷமும் புல்லட்டின் போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால் அன்று கேட்ட வார்த்தைகளை வீட்டுக்குச் சுமந்து போகாதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். யார் அதில் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். என் தோழி பயந்து பயந்து நாளைக் கடத்தினாள், கெடு தாண்டிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. தேதி, நேரம், அங்கிருந்தவர் யார் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.

கடைசியாக, வெளியே போகும்போது. 2020 ஊரடங்கில் என்னோடு இருந்த எடிட்டர் அண்ணனை அறைக்குக் கூப்பிட்டு, தயாராக அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். ராஜினாமா என்றால் நீங்களே விருப்பப்பட்டுப் போனதாக ஆகிவிடும். அவர் பேனாவை எடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன் சார்" என்று எழுந்து வந்தார். இரவு ஒரு மெயில் எழுதினார்: நான் விலகக் கேட்கவில்லை, அனுப்புவதென்றால் கடிதம் கொடுங்கள் என்று. வேலை போனது போனதுதான். ஆனால் நோட்டீஸ் காலச் சம்பளம் வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் சிலருக்கு அது வரவில்லை.

அலுவலக மெயில் கடைசி நாள் மாலையே மூடிவிடும். சம்பளச் சீட்டுகள், வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16, நியமனக் கடிதம், காம்ப் ஆஃப் மெயில்கள் இவற்றை அதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு மாற்றிவிடுங்கள். அத்தை மகள் நேற்றே ஒரு ஃபோல்டர் திறந்துவிட்டாள். முதல் காகிதமாக அந்த ஆஃபர் லெட்டர் அதில் இருக்கிறது, நோட்டீஸ் காலம் பற்றிய வரிக்குக் கீழே பென்சில் கோட்டோடு.